காத்திருந்து பெற்ற வாகை

தோல்வியுற்றவர் இருவகையினர். தோல்வியோடு சோர்ந்து அமர்ந்துவிடுவோர் ஒரு வகையினர். தம்மிடம் உள்ள குறை யாதென ஆராய்ந்து, அதனை நீக்கி, மீண்டும் களம் புகுவோர் மற்றொரு வகையினர். அமெரிக்க நாட்டில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்னும் பேஸ்பால் குழுவினர் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தவர். உலகத் தொடர் எனப்படும் வாகைப் போட்டியில் ஏழு முறை தோற்ற அக்குழு, எட்டாம் முறையாக 1955-ஆம் ஆண்டில் அப்போட்டியில் புகுந்து வென்றது. அவ்வெற்றியின் வரலாறு விளையாட்டின் வரலாறு மட்டுமன்று. மனிதர் மனிதரை மதிக்கக் கற்றுக்கொண்ட வரலாறும் ஆகும்.

பேஸ்பால் அமெரிக்க மக்கள் பெரிதும் விரும்பும் ஆட்டம். கிரிக்கெட்டைப் போலவே இதிலும் ஒருவர் பந்தெறிய, மற்றொருவர் மட்டையால் அடிப்பார். ஆயினும் மட்டை உருண்டு நீண்டிருக்கும். பந்து தரையில் பட்டு எழாமல் காற்றிலேயே நேராக வரும். ஒரு குழுவிற்கு ஒன்பதின்மர். களத்தில் நான்கு தளங்கள் சதுரமாக அமைந்திருக்கும். ஒரு தளத்திற்கும் அடுத்த தளத்திற்கும் இடையே 90 அடி தொலைவு உண்டு. பந்தை அடித்தவர் முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் ஆகியவற்றை முறையே தொட்டுத் தாம் புறப்பட்ட தொடக்கத் தளத்திற்கு மீள்வாராயின், அவருடைய குழுவிற்கு ஓர் ஓட்டம் கிடைக்கும். எல்லைச் சுவருக்கு அப்பால் விழுமாறு பந்தை அடித்தவர் நான்கு தளங்களையும் தடையின்றிச் சுற்றி வரலாம். இதனை 'ஹோம் ரன்' என்பர்.

அடித்த பந்து தரையைத் தொடுமுன் எதிர்க்குழுவினர் அதனைப் பிடித்துவிட்டால், அடித்தவர் ஆட்டம் இழப்பார். அவ்வேளையில் முன்னரே தளத்தில் நின்று ஓடத் தொடங்கியவர் எவரேனும் இருப்பின், அவர் தம் பழைய தளத்திற்குத் திரும்பிவிட வேண்டும். அவர் திரும்புமுன் பந்து அத்தளத்தை அடைந்துவிட்டால் அவரும் ஆட்டம் இழப்பார். இவ்விதியை நினைவிற் கொள்ளுதல் நன்று. 1955-ஆம் ஆண்டின் இறுதி ஆட்டத்தில் வெற்றியைக் காத்துத் தந்தது இவ்விதியே. மூவர் ஆட்டம் இழந்ததும் எதிர்க்குழு அடிக்க வரும். இவ்வாறு இரு குழுக்களும் ஒன்பது சுற்றுகள் ஆடும்.

அந்நாளில் தேசிய லீக், அமெரிக்க லீக் என இரண்டு பெரிய அமைப்புகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் எட்டுக் குழுக்கள் இடம்பெற்றன. ஏப்ரல் மாதம் முதல் செப்டம்பர் மாதம் வரை ஒவ்வொரு குழுவிற்கும் 154 ஆட்டங்கள் வகுக்கப்பட்டிருந்தன. தேசிய லீகில் முதலிடம் பெற்ற குழுவும் அமெரிக்க லீகில் முதலிடம் பெற்ற குழுவும் உலகத் தொடரில் எதிர்த்து நிற்கும். ஏழு ஆட்டங்கள் கொண்ட அத்தொடரில் நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் குழுவிற்கே வாகை உரியது.

புரூக்ளின் முன்பு தனி நகரமாக விளங்கியது. 1898-ஆம் ஆண்டில் அது நியூயார்க் மாநகரின் ஒரு பகுதியாயிற்று. அதன் தெருக்களில் டிராம் வண்டிகள் ஓயாது ஓடின. அவற்றில் அகப்படாமல் விலகி விலகி நடக்க வேண்டியிருந்தமையால், 'டிராமுக்கு விலகுவோர்' எனப் பொருள்படும் பெயர் அவ்வூராருக்கு வாய்த்தது. அப்பெயரே சுருங்கி 'டாட்ஜர்ஸ்' எனக் குழுவின் பெயராயிற்று. 1950-ஆம் ஆண்டில் புரூக்ளினில் 27 லட்சம் மக்கள் வாழ்ந்தனர். இத்தாலி, அயர்லாந்து, போலந்து, ருசியா முதலிய நாடுகளிலிருந்து குடியேறியோரும், அவர்தம் மக்களும், தென் மாநிலங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்த கறுப்பின மக்களும் அவருள் அடங்குவர். மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட அம்மக்களை ஒன்று சேர்த்த இடம் எபட்ஸ் திடல். 1913-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அத்திடல் சிறியது. ஆட்டக்காரரின் முகத்தையும் குரலையும் அறியும் அளவிற்கு மக்கள் அருகிலேயே அமர்ந்திருந்தனர். ஆகவே குழுவின் இன்பமும் துன்பமும் அவர்தம் இல்லத்து இன்பமும் துன்பமும் ஆயின.

துன்பமே மிகுதியாக இருந்தது. 1916-லும் 1920-லும் டாட்ஜர்ஸ் உலகத் தொடரில் தோற்றது. 1941-ஆம் ஆண்டில் நியூயார்க் யாங்கீஸ் குழுவை எதிர்த்தது. நான்காம் ஆட்டத்தின் இறுதிச் சுற்றில் டாட்ஜர்ஸ் ஓர் ஓட்டம் முன்னின்றது. எதிர்க்குழுவின் கடைசி ஆட்டக்காரர் மூன்றாம் முறையும் பந்தை அடிக்கத் தவறினார். வெற்றி கைக்கெட்டியது என்றே எண்ணினர். ஆயின், அடிப்பவருக்குப் பின்னின்று பந்தைப் பற்ற வேண்டியவர் அதனை நழுவவிட்டார். அடித்தவர் முதல் தளத்திற்கு ஓடித் தப்பினார். அதன்பின் யாங்கீஸ் குழு நான்கு ஓட்டங்களைக் குவித்து ஆட்டத்தை வென்றது, அத்தொடரையும் வென்றது. தோல்வி நேரும்போதெல்லாம் புரூக்ளின் மக்கள், "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்று கூறித் தேறினர். நாளடைவில் அச்சொல் அவ்வூரின் பழமொழி போலாயிற்று.

அக்காலத்தில் அமெரிக்கப் பேஸ்பால் உலகில் ஒரு பெருங்குறை இருந்தது. கறுப்பினத்தவர் எவரும் பெரிய லீகுகளில் ஆட இயலாது. அவ்வாறு எழுதப்பட்ட சட்டம் எதுவும் இல்லை. எனினும் 1884-ஆம் ஆண்டிற்குப் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கறுப்பினத்தவரையும் எக்குழுவும் சேர்க்கவில்லை. திறமை மிக்க கறுப்பின ஆட்டக்காரர் தமக்கெனத் தனி லீகுகளை அமைத்துக்கொண்டு, குறைந்த ஊதியத்திற்கு ஊர் ஊராகச் சென்று ஆடினர். தோலின் நிறம் பந்தை எறியும் கைக்கு வலிமை தருவதுமில்லை, குறைப்பதுமில்லை. இத்துணை எளிய உண்மையைப் பல்லாண்டுகள் காண மறுத்தனர் குழுத் தலைவர்கள்.

அவ்வுண்மையைக் கண்டு செயலாற்றியவர் டாட்ஜர்ஸ் குழுவின் தலைவராயிருந்த பிராஞ்சு ரிக்கி. அவர் 1945-ஆம் ஆண்டில் ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின இளைஞரை அழைத்து ஒப்பந்தம் செய்தார். ராபின்சன் கல்லூரி நாளிலேயே பல விளையாட்டுகளில் பெயர் பெற்றவர். படையில் அதிகாரியாகப் பணியாற்றியவர். 1944-ஆம் ஆண்டில் படை முகாமின் பேருந்தில் பின்னிருக்கைக்குச் செல்லுமாறு பணித்தபோது மறுத்தார். அதன் பொருட்டுப் படை நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுக் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். அத்தகைய தன்மானம் உடையவரிடம் ரிக்கி வேண்டியது யாது? எவர் இழித்துரைத்தாலும், எவர் தாக்கினாலும், சில காலம் எதிர்த்துப் பேசாமல் பொறுத்திருக்க வேண்டும் என்பதே. ராபின்சன் இசைந்தார்.

1947-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் ராபின்சன் எபட்ஸ் திடலில் டாட்ஜர்ஸ் குழுவினராகக் களமிறங்கினார். கூட்டத்திலிருந்து வசைமொழிகள் எழுந்தன. எதிர்க்குழுவினரும் இழிசொல் வீசினர். கொலை மிரட்டற் கடிதங்கள் வந்தன. சொந்தக் குழுவிலேயே சிலர் அவருடன் ஆட விரும்பாது விண்ணப்பம் ஒன்று எழுதிக் கையொப்பம் திரட்ட முயன்றனர். தென் மாநிலமாகிய கென்டக்கியில் பிறந்த வெள்ளையர் பீ வீ ரீஸ் அதில் கையொப்பமிட மறுத்துவிட்டார். விண்ணப்பமும் கைவிடப்பட்டது. ராபின்சன் வாயால் விடை கூறவில்லை. மட்டையாலும் கால்களாலும் விடை கூறினார். அவ்வாண்டின் சிறந்த புதுமுக ஆட்டக்காரர் என்னும் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1949-ஆம் ஆண்டில் தேசிய லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் எனவும் பாராட்டப் பெற்றார்.

திறந்த கதவின் வழியே வேறு பலரும் வந்தனர். பந்து பிடிப்பதில் வல்லவரான ராய் காம்பனெல்லா 1948-லும், பந்தெறிவதில் வல்லவரான டான் நியூகோம் 1949-லும், விரைந்தோடும் ஜிம் கில்லியம் 1953-லும் குழுவில் சேர்ந்தனர். இம்மூவரும் கறுப்பினத்தவரின் தனி லீகுகளில் ஆடிப் பயின்றவர்கள். குழு வலிமை பெற்றது. எனினும் வாகை மட்டும் எட்டவில்லை. 1947, 1949, 1952, 1953 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் உலகத் தொடரில் யாங்கீஸ் குழுவிடமே தோல்வி நேர்ந்தது. 1950-லும் 1951-லும் கடைசி ஆட்டத்தில் தோற்றமையால் தேசிய லீகின் முதலிடமே கைநழுவிற்று.

1954-ஆம் ஆண்டில் வால்டர் ஆல்ஸ்டன் குழுவின் மேலாளர் ஆனார். பெரிய லீகில் அவர் ஆட்டக்காரராக ஆடியது ஒரே ஓர் ஆட்டம். அதில் ஒரே முறை மட்டை பிடித்து, பந்தை அடிக்காமலே ஆட்டம் இழந்தவர் அவர். ஆனால் அமைதியும் உறுதியும் உடையவர். 1946-ஆம் ஆண்டிலேயே நாஷுவா என்னும் சிற்றூர்க் குழுவில் காம்பனெல்லாவையும் நியூகோமையும் வெள்ளையரோடு ஒன்றாக ஆடச் செய்து நடத்தியவர். அவருடைய முதல் ஆண்டில் குழு இரண்டாம் இடமே பெற்றது. ராபின்சனுக்கும் ரீசுக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. இனி இக்குழு வெல்லுமா எனப் பலரும் ஐயுற்றனர்.

1955-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆட்டங்கள் தொடங்கின. முதல் பத்து ஆட்டங்களையும் டாட்ஜர்ஸ் வென்றது. முதல் 24 ஆட்டங்களில் 22 வெற்றிகள்! பிற குழுக்கள் பின்தொடரவும் இயலாமல் திகைத்தன. டியூக் சினைடர் 42 ஹோம் ரன்கள் அடித்தார். காம்பனெல்லா 32 ஹோம் ரன்கள் அடித்து, தலைசிறந்த ஆட்டக்காரர் பரிசை மூன்றாம் முறையாகப் பெற்றார். நியூகோம் பந்தெறிந்து 20 வெற்றிகளை ஈட்டினார்; தோல்விகள் ஐந்தே. பந்தெறிபவர்கள் பெரும்பாலும் மட்டை பிடிப்பதில் திறமை குறைந்தவர்கள். நியூகோமோ மட்டை பிடித்தும் ஏழு ஹோம் ரன்கள் அடித்தார். செப்டம்பர் 8-ஆம் நாளிலேயே தேசிய லீகின் முதலிடம் உறுதியாயிற்று. அந்த லீகின் வரலாற்றில் அதற்கு முன் எக்குழுவும் அத்துணை விரைவில் முதலிடத்தை உறுதி செய்ததில்லை. 98 வெற்றி, 55 தோல்வி என்னும் கணக்கோடு டாட்ஜர்ஸ் உலகத் தொடருக்குச் சென்றது.

எதிரே நின்றது மீண்டும் யாங்கீஸ். அதுவரை 16 முறை உலகத் தொடரை வென்ற குழு அது. செப்டம்பர் 28-ஆம் நாள் யாங்கீஸ் அரங்கில் முதல் ஆட்டம் நடந்தது. எட்டாம் சுற்றில் மூன்றாம் தளத்தில் நின்ற ராபின்சன், பந்தெறிபவர் எறியத் தொடங்கிய கணத்தில், தொடக்கத் தளத்தை நோக்கிப் பாய்ந்தார். எறிந்த பந்தைப் பிடித்துத் தடுக்க முயன்றார் யோகி பெர்ரா. எனினும் ராபின்சன் தளத்தைத் தொட்டுவிட்டார் எனத் தீர்ப்பாயிற்று. அப்பொழுது ராபின்சனுக்கு வயது 36. ஆயினும் ஆட்டத்தில் யாங்கீஸ் 6–5 என வென்றது. மறுநாள் இரண்டாம் ஆட்டத்திலும் 4–2 என வென்றது. ஏழு ஆட்டங்கள் கொண்ட தொடரில் முதல் இரண்டையும் தோற்ற குழு எதுவும் அதுவரை வாகை சூடியதில்லை. "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்னும் பழைய சொல் மீண்டும் புரூக்ளின் மக்களின் நாவில் எழுந்திருக்கும்.

மூன்றாம் ஆட்டம் எபட்ஸ் திடலில் நடந்தது. பந்தெறிய ஆல்ஸ்டன் தேர்ந்தெடுத்தவர் ஜானி போட்ரஸ். இரும்புச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன் அவர். அவ்வாண்டு தோள் வலியால் துன்புற்று, ஒன்பது ஆட்டங்களில் வென்று பத்தில் தோற்றிருந்தார். ஆட்டம் நடந்த செப்டம்பர் 30-ஆம் நாள் அவருக்கு 23 வயது நிறைந்த பிறந்த நாள். விரைந்த பந்திற்கிடையே மெதுவான பந்தையும் அதே கைவீச்சில் எறிந்து அவர் எதிரிகளை ஏமாற்றினார். டாட்ஜர்ஸ் 8–3 என வென்றது. நான்காம் ஆட்டத்தை 8–5 எனவும், ஐந்தாம் ஆட்டத்தை 5–3 எனவும் வென்றது. ஆறாம் ஆட்டத்தில் யாங்கீஸ் 5–1 என வென்று சமன் செய்தது. இரு குழுக்களுக்கும் மும்மூன்று வெற்றிகள். எஞ்சியது ஒரே ஆட்டம்.

அக்டோபர் 4-ஆம் நாள் யாங்கீஸ் அரங்கில் அறுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் கூடினர். போட்ரஸ் மீண்டும் பந்தெறிய வந்தார். காலில் ஏற்பட்ட வலியால் ராபின்சன் அன்று ஆடவில்லை. எட்டாண்டுகளுக்கு முன் வசைமொழிகளின் நடுவே வழி திறந்தவர், வெற்றியை முடிவு செய்யும் நாளில் களத்திற்கு வெளியே அமர்ந்திருந்தார்.

நான்காம் சுற்றில் காம்பனெல்லா பந்தை அடித்து இரண்டாம் தளத்தை அடைந்தார். பின்னர் கில் ஹாட்ஜஸ் அடித்த அடியால் அவர் ஓடிவந்து முதல் ஓட்டத்தைத் தந்தார். ஆறாம் சுற்றில் ஹாட்ஜஸ் உயரே அடித்த பந்து பிடிபட்டது. எனினும் மூன்றாம் தளத்தில் நின்ற ரீஸ் அவ்விடைவேளையில் ஓடிவந்து இரண்டாம் ஓட்டத்தைச் சேர்த்தார். மேலும் ஓட்டம் வேண்டி ஆல்ஸ்டன் அச்சுற்றில் ஆட்டக்காரர் ஒருவரை மாற்றினார். அதனால் கில்லியம் இடப்புறக் களத்தை விட்டு இரண்டாம் தளத்திற்கு வர நேர்ந்தது. கில்லியம் நின்ற இடத்தில் சாண்டி அமோரோஸ் நிறுத்தப்பட்டார். கியூபா நாட்டில் பிறந்த கறுப்பினத்தவர் அவர். இடக்கைப் பழக்கம் உடையவர். ஆகவே பந்து பிடிக்கும் தோலுறையை வலக்கையில் அணிபவர்.

அடுத்து யாங்கீஸ் குழு அடிக்க வந்தது. இருவர் தளங்களில் நின்றனர். ஒருவரும் ஆட்டம் இழக்கவில்லை. யோகி பெர்ரா மட்டை பிடித்தார். அவர் வழக்கமாகப் பந்தை வலப்புறக் களத்திற்கே அடிப்பவர். அதனால் அமோரோஸ் இடப்புற எல்லைக் கோட்டை விட்டு வெகுதொலைவு விலகி நின்றார். பெர்ராவோ பந்தை இடப்புற எல்லைக் கோட்டை ஒட்டி உயரே அடித்தார். பந்து விழுந்திருப்பின் ஓட்டங்கள் சமமாகியிருக்கக் கூடும். அமோரோஸ் ஓடினார், ஓட்டத்தின் இறுதியில் சுவரை நெருங்கிய வேளை, வலக்கையை நீட்டினார், பந்து அதில் வந்து தங்கியது. தோலுறையை இடக்கையில் அணிபவர் அங்கே நின்றிருந்தால் அப்பந்தை எட்டுதல் அரிது.

செயல் அத்துடன் முடியவில்லை. பந்து பிடிபடாது என நம்பி முதல் தளத்திலிருந்து வெகுதூரம் ஓடிவிட்டார் கில் மெக்டூகல்ட். அமோரோஸ் சற்றும் தாழாது பந்தை ரீசிடம் எறிந்தார். ரீஸ் அதனை முதல் தளத்தில் நின்ற ஹாட்ஜசிடம் எறிந்தார். மெக்டூகல்ட் திரும்புமுன் பந்து வந்து சேர்ந்துவிட்டது. ஒரே அடியில் இருவர் ஆட்டம் இழந்தனர். கியூபாவின் கறுப்பின மகனிடமிருந்து கென்டக்கியின் வெள்ளை மகனுக்கும், அவரிடமிருந்து மற்றொரு தோழருக்கும் அப்பந்து சென்றது. 1946-ஆம் ஆண்டு வரை எந்தப் பெரிய லீகுத் திடலிலும் காண இயலாத காட்சி அது.

எட்டாம் சுற்றிலும் யாங்கீஸ் குழுவினர் இருவர் தளங்களில் நின்றனர். போட்ரஸ் கலங்கவில்லை. பெர்ராவும் ஹாங்க் பௌவரும் அவரிடம் ஆட்டம் இழந்தனர். ஒன்பதாம் சுற்றில் இறுதியாக அடிக்க வந்தவர் எல்ஸ்டன் ஹோவர்ட். யாங்கீஸ் குழுவும் அவ்வாண்டில்தான் முதன்முறையாக ஒரு கறுப்பினத்தவரைச் சேர்த்திருந்தது; அவரே ஹோவர்ட். அவர் அடித்த பந்து ரீசை நோக்கித் தரையில் ஓடியது. ரீஸ் அதனை ஹாட்ஜசிடம் எறிந்தார். ஹோவர்ட் ஆட்டம் இழந்தார். டாட்ஜர்ஸ் 2–0 என வென்றது. எதிர்க்குழுவிற்கு ஓர் ஓட்டமும் தராத போட்ரஸ், அத்தொடரின் தலைசிறந்த ஆட்டக்காரர் எனப் பரிசு பெற்றார்.

அன்று புரூக்ளின் மக்கள் தெருக்களில் திரண்டு ஆரவாரம் செய்தனர். 'அடுத்த ஆண்டு' ஒருவாறு வந்தே விட்டது. அவ்வெற்றி நேர்ந்து இரு திங்கள் கழியுமுன், 1955 டிசம்பர் முதல் நாளில், அலபாமா மாநிலத்து மான்ட்கமரி நகரில் ரோசா பார்க்ஸ் என்னும் பெண்மணி பேருந்தில் தம் இருக்கையை வெள்ளையருக்கு விட மறுத்துச் சிறைப்பட்டார். அதிலிருந்து அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போர் புதிய வேகம் கொண்டது. விளையாட்டுத் திடலில் திறந்த கதவு, நாட்டின் பிற இடங்களில் இன்னும் மூடியே கிடந்தது என்பதை இந்நிகழ்ச்சி காட்டும்.

புரூக்ளினில் டாட்ஜர்ஸ் பெற்ற வாகை அது ஒன்றே. 1956-ஆம் ஆண்டின் உலகத் தொடரில் மீண்டும் யாங்கீஸ் வென்றது. அவ்வாண்டோடு ராபின்சன் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். 1958-ஆம் ஆண்டில் குழு லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1960-ஆம் ஆண்டில் எபட்ஸ் திடல் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் குடியிருப்புகள் எழுந்தன. திடல் மறைந்தது, ஆனால் அங்கே தொடங்கிய நற்செயல் மறையவில்லை. ராபின்சன் அணிந்த 42 என்னும் எண்ணை இனி எக்குழுவிலும் புதிதாக எவருக்கும் வழங்குவதில்லை என 1997-ஆம் ஆண்டில் பெரிய லீகுகள் முடிவு செய்தன.

1955-ஆம் ஆண்டின் இறுதி ஆட்டத்தில் ஓட்டம் எடுத்தவரும், பந்தைப் பிடித்தவரும், பந்தெறிந்தவரும் வெவ்வேறு ஊரினர், வெவ்வேறு நிறத்தினர். அவருள் ஒருவரை விலக்கியிருப்பினும் அவ்வெற்றி கைகூடியிராது. அன்று களத்திற்கு வெளியே அமர்ந்திருந்தவர் 1947-இல் பொறுமையோடு நின்றிராவிடில், அவருட் சிலர்க்குக் களத்தில் இடமே கிடைத்திராது. தகுதி உடையவரை நிறம் கருதி விலக்கும் குழு தன் வலிமையைத் தானே குறைத்துக்கொள்கிறது. அனைவர்க்கும் இடம் தரும் குழு, காலந்தாழ்ந்தாயினும், அதன் பயனைப் பெறுகிறது. குழுவிற்குப் பொருந்தும் இவ்வுண்மை ஊருக்கும் நாட்டிற்கும் பொருந்தும்.